மெசினுக்கு இரண்டு பெறுமதி

செயின்ட்-மிஷேலில் காட்போட் பெட்டி செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் நான் கணக்காளராக இருந்தேன். முதலாளிகள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவர் மெசின்களைப் பார்த்தார், மற்றவர் விற்பனையை. இருவரையும் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

மெசின் பார்த்தவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டதென்று தெரிந்தபோது, தன் பங்கை வாங்கிக்கொண்டு விலகப் போவதாகச் சொன்னார். விலகுகிறவருக்கு, தேய்மானம் கழித்து வரும் மெசின் பெறுமதியில் பாதி என்பது ஒப்பந்தம். எந்த முறையில் கழிப்பதென்று அதில் இல்லை. எங்களிடமோ இரண்டு கணக்கு. சொந்தப் புத்தகத்தில் நேர்கோட்டு முறை. வருடாவருடம் ஒரே அளவு கழியும். வரிக்குக் காட்டுவதில் குறைந்து செல்லும் மீதி முறை. ஆரம்ப வருடங்களிலேயே நிறையக் கழிந்துவிடும். முதலாவதில் நல்ல பெறுமதியோடு நிற்கும் அதே வெட்டும் மெசின், இரண்டாவதில் பாதிகூட வராது.

சண்டை வரும் என்ற பயத்தோடுதான் இரண்டையும் மேசையில் வைத்தேன். வந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து அல்ல. விலகுகிறவர் குறைந்த பெறுமதியைக் கேட்டார். கூடியதைக் கொடுக்கப் போனால் மெசினை விற்க வேண்டிவரும், பிறகு வேலை செய்கிற சனம் எங்கே போவது என்றார். மற்றவர் சம்மதிக்கவில்லை.

"குறைச்சுத் தந்திட்டு உன்ர பிள்ளையளின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

"அவையளிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

அதன் பிறகு இருவரும் கதைப்பதை விட்டார்கள். சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். அது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கடைசியில் மூன்றாவது முறை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எத்தனை வருடம் ஆனது என்று பாராமல், ஒவ்வொரு மெசினும் எவ்வளவு நேரம் ஓடியது என்று மீட்டரைப் பார்த்துக் கழிப்பது. வெட்டும் மெசின் ஓய்வில்லாமல் ஓடியிருந்தது. அச்சடிக்கும் மெசின் பெரும்பாலும் சும்மா நின்றது. மொத்தம் இரண்டுக்கும் நடுவில் வந்தது.

விலகுகிறவர் தாளை நெடுநேரம் பார்த்தார். "ஓம். ஓடினதுக்குத்தான் தேய்வு," என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். மற்றவரும் வைத்தார். பிறகு இருவரும் கீழே இறங்கிப் போனார்கள். கண்ணாடி வழியே பார்த்தேன். வெட்டும் மெசினுக்குப் பக்கத்தில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

பனி உருகுவதற்குள் மெசின் பார்த்தவர் இறந்துபோனார். பங்கு முழுவதும் அவருடைய மனைவியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு மெசினும் விற்கப்படவில்லை.

புரோசார்டில் நடந்த மரணவீட்டில், விற்பனை பார்த்தவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, அவன் சரியெண்டு நினைச்சோ ஒத்துக்கொண்டவன்? இல்லாட்டி, வாதாடிக் களைச்சுப் போயோ?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, பிள்ளைகள் இருந்த பக்கம் போனார்.