ஏழு ஆண் பப்பாளிகள்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூர் பக்கம் ஒரு பெயின்ட் கம்பெனியில் நான் தோட்ட சூப்பர்வைசர். பி.எஸ்ஸி. பாட்டனி படித்துவிட்டு ஹோஸ் பைப் வாங்கக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சுத்திகரித்த கழிவுநீரில் முப்பது பப்பாளி மரம் வளர்த்தோம். சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்கு அந்தப் பழத்தை அறுத்துத் தட்டில் நீட்டுவோம். தண்ணீர் சுத்தம் என்பதற்கு அதுதான் சாட்சி. எங்கள் மேனேஜர்கள் யாரும் ஒரு துண்டு வாயில் வைத்து நான் பார்த்ததில்லை.

1. சுண்ணாம்பு மார்க்

ஆள்குறைப்பு நடந்துகொண்டிருந்த சமயம். அதற்கென்றே வந்திருந்த புது மேனேஜர் ஒருநாள் தோட்டத்துக்கும் வந்தார். ஏழு மரத்தில் பூ மட்டும் நீளக் காம்பில் கொத்துக்கொத்தாகத் தொங்கியது; காய் இல்லை.

"வேலை செய்யாததுக்கு எதுக்குய்யா தண்ணி? மார்க் போடு, வெட்டிடு."

தோட்ட வேலை பார்த்த எர்ணாவூர் கன்னியம்மா பதறிப்போனார். "ஐயோ சார், அது ஆம்பள மரம். அத்த வெட்டிட்டா மீதி மரம் காய்க்காது." பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா சார் பாத்துகினு நிக்கிற? நீ சொல்லு சார்!" என்றார்.

மகரந்தம் ஒரு மரத்தில், சூலகம் வேறொரு மரத்தில். பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கியவன் நான். ஆனால் வாயைத் திறந்தால் என் பெயரும் லிஸ்டில் ஏறுமே என்ற பயம். ஏழு மரத்திலும் சுண்ணாம்பு மார்க் போட்டது நானேதான்.

2. டிபன் டப்பா

ஏழு மரத்தையும் வெட்டிச் சாய்த்தார்கள். மீதி மரங்களில் ஏற்கெனவே பிடித்திருந்த காய்கள் பழுத்துத் தீர்ந்தன. புதுப் பூவெல்லாம் கருகி உதிர்ந்தது. மேனேஜர் யோசிக்கவே இல்லை. "அந்தம்மா ஒழுங்கா தண்ணி ஊத்தல. ரிப்போர்ட் எழுது, அனுப்பிடலாம்."

நாளைக்கு, நாளைக்கு என்று ரிப்போர்ட்டைத் தள்ளிப்போட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

கன்னியம்மா தள்ளிப்போடவில்லை. தன் வூட்டாண்டை நின்ற ஆண் பப்பாளியிலிருந்து தினமும் காலையில் டிபன் டப்பா நிறையப் பூ கொண்டுவந்தார். ஸ்டூல் மேல் ஏறி, இதழைப் பிய்த்து, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் தொட்டுத் தொட்டுத் தடவினார். "வேல போனா என் புள்ளைங்களுக்கு யார் சார் சோறு போடுவா?" என்றார். ஒன்றரை மாதத்தில் இருபத்து மூன்று மரத்திலும் காய்.

3. கால் மணி நேரம்

மேனேஜருக்கு ஒரே குஷி. "பாத்தியா? ஏழு மரத்தைக் குறைச்சதும் மீதி எப்படிக் காய்க்குது! தோட்டத்துலயும் ஒரு ஆளைக் குறைக்கலாம்." லிஸ்டில் கன்னியம்மாவின் பெயரை எழுதினார்.

அன்றைக்குத்தான் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. மகரந்தம், சூல்முடி, ஸ்டூல், டப்பா, எல்லாவற்றையும் கால் மணி நேரம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவ்வளவும் தெரிஞ்சவன் வெட்டும்போது எங்கய்யா இருந்தே?"

"மார்க் போட்டுட்டிருந்தேன் சார்."

கன்னியம்மாவின் பெயரை அடித்தார். அதற்குக் கீழே அதே பேனாவால் என் பெயரை எழுதினார்.

கன்னியம்மா ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான் இருந்தார். இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தெரிந்ததை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் அன்றைக்கே சொல்லியிருந்தாலும் என் வேலை போயிருக்கும். ஏழு மரமாவது மிஞ்சியிருக்கும்.