என்னுடைய குரலும் ஆயிரத்தைந்நூறு மீற்றரும்

ஓடத் தெரியாதவனுக்கும் எறியத் தெரியாதவனுக்கும் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரேயொரு வேலைதான் உண்டு: அறிவிப்பாளர். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வெயிலில் நின்று காய்ந்தவர்களே, உங்கள் காதைத் துளைத்தவன் என்னைப் போல ஒருவன்தான். மன்னியுங்கள்.

வேலை கிடைத்த விதம்

தை மாதம், பயிற்சி நேரம். ஒலிபெருக்கியைச் சோதிக்கிற சாக்கில், விளையாட்டுச் சாமான் அறைக்குள் இருந்து, தொண்டையைச் செருமி, அதிபரின் குரலில் ஒரு வசனம் சொன்னேன்: "பிள்ளையள், விளையாடினது காணும், வகுப்புக்குப் போங்கோ." ஐந்தே நிமிடத்தில் மைதானத்தில் ஒரு காகம் மட்டும் நின்றது. விளையாட்டு ஆசிரியர் நடராசா சேர்கூட விசிலைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். எட்டாம் வகுப்பு வாசலில் நின்றபோதுதான், தனக்கு அந்த நேரம் பாடமே இல்லை என்று ஞாபகம் வந்ததாம்.

திரும்பி வந்து என்னைப் பிடித்தார். "உந்த வாயை மைக்குக்கு முன்னாலை வைச்சிரு. ஆனா உன்ரை குரல் மட்டும்தான். வேறை ஆற்றையும் குரல் வந்துதோ, மைக்கைப் பறிச்சுப்போட்டு ஆயிரத்தைந்நூறு மீற்றரிலை ஓட விடுவன்!"

பிள்ளையாரும் மரதனும்

பஸ் பிடிக்கக்கூட ஓடாதவன் நான். மைக்கும் வேணும். ஆகவே வாயைக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர் பண்டத்தரிப்பைச் சுற்றி மரதன் ஓட்டம். எங்கள் சிவப்பு இல்லத்து ராகுலன் முன்னுக்கு ஓட, நான் ஒலிபெருக்கியோடு ஓட்டோவில். பிள்ளையார் கோயில் வந்தது. ராகுலன் நின்றான். ஆறுதலாக நாடாவை அவிழ்த்துச் சப்பாத்தைக் கழற்றினான். தலையில் குட்டித் தோப்புக்கரணமும் போட்டான். "ஓடடா!" என்று என் குரலில் கத்தினேன், திரும்பியும் பார்க்கவில்லை. அவனுடைய அப்பாவின் குரலில் கத்தியிருந்தால் பறந்திருப்பான். ஆனால் பக்கத்தில் நடராசா சேர் இருந்தாரே!

அவன் மற்றச் சப்பாத்தை மாட்டுவதற்குள் நீல இல்லத்து டானியல் முந்திப் போய் முதலாவதாக வந்தான். "எப்பிடியடா உவனைப் பிடிச்சனி?" என்று சேர் கேட்டார். "நான் வீட்டிலையே ஜெபம் பண்ணிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான், சேர்."

வள்ளம்

போட்டி நாள் காலை. மைதானத்தில் எங்கள் இல்லத்துக் கொட்டிலைக் கடற்கரையாகச் சோடித்திருந்தோம். சேலைகளால் கடல், நடுவில் குருநகரிலிருந்து லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்த உண்மையான வள்ளம். சோடனைக்குப் புள்ளி போட நடுவர்கள் வர அரை மணித்தியாலம் இருக்க, வள்ளத்துக்காரர் அந்தோனி அண்ணை வந்து நின்றார். மற்ற வள்ளம் பழுதாம், தொழிலுக்குப் போகவேணுமாம். அதிபரின் குரலில் ஒரு சத்தம் போட்டால் போதும். போடமுடியவில்லை. என் குரலில் கெஞ்சினேன். வள்ளம் போனது. "தம்பியவை, நீங்கள் புள்ளி எடுக்குமட்டும் நண்டு எனக்காண்டிப் பாத்துக்கொண்டு கிடக்காது."

அதிபரின் தொண்டை

பொடியளைப் பார்த்துக் கத்திக் கத்தி, பிரதம விருந்தினர் வந்த நேரம் அதிபரின் தொண்டை அடைத்துவிட்டது. என் காதுக்குள் காற்றாகச் சொன்னார்: "தை மாதம் என்ரை குரலிலை பேசினியாமே... அதைச் செய்." உரையும் கைக்கு வந்தது. வயர் கழற்றிய மைக்கோடு அவர் பந்தலில் வாயசைக்க, பதாகைக்குப் பின்னால் குந்தியிருந்து நான் பேசினேன். இருமல்கூட அவருடையதுதான். உரை முடிந்தது. என் வாய் முடியவில்லை. "பிள்ளையள், நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு!" மைதானம் அதிர்ந்தது. பிரதம விருந்தினரும் எழுந்து கைதட்டினார். அதிபர் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது.

நடராசா சேர் பதாகையை விலக்கினார். மைக் அவர் கைக்குப் போனது, என் சேட்டில் ஆயிரத்தைந்நூறு மீற்றருக்கான இலக்கம் குத்தப்பட்டது. மற்றவர்கள் ஓடி முடித்துச் சோடா குடிக்க, எனக்கு இன்னும் ஒரு சுற்று. அப்போது ஒலிபெருக்கியில் என் குரல்! அதே இழுவை, அதே துள்ளல்: "ரசிகப் பெருமக்களேஏஏ, அதோ வருகிறார், எங்கள் அறிவிப்பாளர்!" சேர்தான். சனம் விழுந்து விழுந்து சிரித்து, கைதட்டித் தட்டியே என்னைக் கோட்டைத் தாண்டவைத்தது. அங்கே அதிபர் குனிந்து காற்றாகச் சொன்னார்: "லீவு குடுத்தாச்சு, இனி மாத்தேலாது. நீ மட்டும் நாளைக்கு வந்து மைதானத்தைக் கூட்டு."

மறுநாள் வெறும் மைதானத்தில் விளக்குமாறோடு நின்றபோதுதான் விளங்கியது: நான் பேசியபோது ஒருத்தரும் கேட்காத என் சொந்தக் குரலுக்குக் கைதட்டு வாங்க, கடைசியில் நடராசா சேரின் வாய்தான் வேண்டியிருந்தது.