இரண்டாவது சரணத்தில் உடைந்த குரல்

வள்ளிநாயகிக்குக் கோபம் வரும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. காலையில் புலாவ் தீக்குஸில் பஸ் ஏறுவாள். மாலையில் இறங்கி நேராக அண்ணன் வீட்டு அடுப்படிக்குள் நுழைவாள். சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். பெற்ற ஒரே பெண் குழந்தையும் இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டவள் என்று ஊர் அவளை மெச்சியது. விழுங்கினதெல்லாம் செரித்துவிடுமா, என்ன?

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு குரல். மெட்ராஸ் பாடகர் மணவாளனின் குரல்.

குழந்தையை மண்ணில் வைத்துவிட்டு வந்த அந்த வாரத்தில், ஒரு மாலை நேரம், பின்னறையில் குப்புறக் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். ஹாலில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மணவாளனின் தாலாட்டு. இரண்டாவது சரணத்தில், ‘கண்ணே’ என்று இழுக்கிற இடத்தில், அவர் குரல் சட்டென்று உடைந்தது. ஒரு நொடிதான். பிறகு சமாளித்துக்கொண்டு பாடினார். வள்ளிநாயகி தலையைத் தூக்கினாள். அந்த வீட்டில் அவளைத் தவிர ஒரு சொட்டுக் கண்ணீர் யாரும் விடவில்லை. எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவர் அழுகிறாரே! அவருக்கும் அப்படி ஒன்று போயிருக்குமோ? அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள்.

அந்த மணவாளன்தான் எண்பத்து நான்கில் பினாங்குக்கு வந்தார்.

அழைத்து வந்தது ரசிகர் மன்றம். மன்றத்தின் செயலாளர் அவள் அண்ணன் கதிர்காமநாதன். பாட்டு என்றால் அவருக்கு ஏழு காத தூரம். ஆனால் மாலை போடுகிற இடமும் படம் பிடிக்கிற இடமும் எங்கே என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர். கச்சேரிக்கு மறுநாள் பர்மா ரோட்டில் ஒரு மண்டபத்தில் ரசிகர் சந்திப்பு. ஆளுக்கு ஒரு கேள்வி. அதுவும் அவர் முன்கூட்டியே கேட்டுச் சரி சொன்ன கேள்வி. தங்கச்சி என்ன கேட்கப் போகிறாள் என்று விசாரித்தார். அவள் சொன்னாள். இந்த ஒப்பாரியெல்லாம் அங்கே வேண்டாம், பினாங்கு மக்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால் போதும் என்றார். அவள் தலையாட்டினாள். ஆட்டிய தலைக்குள் என்ன இருந்தது என்று அவர் பார்க்கவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அண்ணி ஞானாம்பிகை பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். வள்ளிநாயகியின் பக்கத்தில் அவள் சிநேகிதி சுலைஹா; சூலியா ஸ்ட்ரீட்டில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் நாகூர் மீரானின் மனைவி. மணவாளன் மீசையைத் தடவியபடி மேடையில் இருந்தார்.

கேள்விகள் வந்தன. தொண்டைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? வீட்டில் மனைவி திட்டினால் பாடுவீர்களா? எந்த நடிகைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தீர்கள்? ஒருவர் தன் மகனுக்கு அவர் பேரையே வைத்திருப்பதாகச் சொல்லி, அது கேள்வியில்லை என்று பின்னால் இருந்தவர்களிடம் ஏச்சு வாங்கினார். பாடகர் எல்லாவற்றுக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார்.

“அவரு முடிக்குச் சாயம் அடிக்கிறாரான்னு கேளேன் லா,” என்று சுலைஹா காதைக் கடித்தாள்.

மைக் வள்ளிநாயகியின் கைக்கு வந்தது. பெரிய மனுஷரிடம் எடுத்த எடுப்பில் கேள்வி கேட்பதா? நம் ஊர் வழக்கப்படி முதலில் விசாரித்தாள்.

“பசியாறிட்டீங்களா, சார்?”

இங்கே யார் யாரைப் பார்த்தாலும் கேட்பது அதுதானே. சாப்பிட்டாச்சா என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மெட்ராஸ்காரருக்கு அது எங்கே தெரியும்? அவர் புருவத்தை உயர்த்தினார்.

“ஏம்மா, என்னைப் பார்த்தா பட்டினி கிடந்தவன் மாதிரியா தெரியுது? பாடத்தாம்மா வந்தேன், பிச்சை எடுக்க வரலை.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அந்த வார்த்தையைத் தினமும் தங்கள் வாயாலேயே சொல்கிறவர்களும் சிரித்தார்கள். அதுதான் அவளைச் சுட்டது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் கதிர்காமநாதன்.

“சரி, அடுத்த ஆள்,” என்றார்.

“அண்ணே, நான் இன்னும் கேள்வியே கேக்கல.”

“கேட்டாச்சு. ஐயா பதிலும் சொல்லியாச்சு. ஆளுக்கு ஒண்ணுதான், உக்காரு.”

அவள் உட்காரவில்லை. கன்னம் கொதித்தது. மைக்கை வாங்க வந்த ஆளின் கையைச் சுலைஹா தட்டிவிட்டாள். தன்னுடைய கேள்வியைத் தன் சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டதாக மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள். பிறகு வள்ளிநாயகியின் முதுகில் கை வைத்து, “கேளு,” என்றாள்.

வள்ளிநாயகி கேட்டாள். அந்தத் தாலாட்டின் பெயரைச் சொல்லி, இரண்டாவது சரணத்தில் உங்கள் குரல் உடைகிறதே, அன்றைக்கு அழுதீர்களா, யாருக்காக அழுதீர்கள் என்று கேட்டாள்.

மணவாளன் யோசித்தார். அந்தப் பாட்டே அவருக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. வந்ததும் தொடையைத் தட்டிக்கொண்டார்.

“அதுவா? அழுகையெல்லாம் இல்லம்மா. சளி. மறுபடி எடுக்க நேரமில்ல, அப்படியே விட்டுட்டாங்க.”

மறுபடியும் சிரிப்பு. பன்னிரண்டு வருஷம் சாய்ந்திருந்த சுவர் அந்தச் சிரிப்பில் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்படியானால் அன்று அவளோடு சேர்ந்து அழுதவர் உலகத்தில் ஒருவருமே இல்லை! பாடகர் மேல் கோபப்பட்டு என்ன பயன்? அவருக்குச் சளி, பாவம். மேடையில் அவருக்குப் பக்கத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாரே, இவருக்கு என்ன?

“சிரிக்காதீங்க அண்ணே.”

அந்தக் குரலை அதற்கு முன் அவளே கேட்டதில்லை.

“அன்னைக்கு ரேடியோவை அவ்வளவு சத்தமா வெச்சது யாரு? தைப்பிங்லேர்ந்து பொண்ணு வீட்டுக்காரங்க சம்பந்தம் பேச ஹால்ல வந்து உக்காந்திருந்தாங்க. என் பிள்ளை செத்த துடக்கு இன்னும் கழியல. அது தெரிஞ்சா அவங்க எழுந்து போயிருவாங்க. நான் உள்ள அழுற சத்தம் கேக்கக்கூடாதுன்னு நீங்கதான் போயி ரேடியோவைத் திருகினீங்க. அதனாலதான் அந்தப் பாட்டு என் காதுல விழுந்துச்சு. இந்த மனுஷர் அழுதார்னு நெனச்சு நான் உயிரோட இருந்தேன். அழ வேண்டியது நீங்க. தாய்மாமன் நீங்க.”

மணவாளன் மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். கதிர்காமநாதன், இவளுக்கு உடம்பு சரியில்லை, மைக்கை வாங்குங்கள் என்றார். வாங்க யாரும் போகவில்லை.

முன்வரிசையில் ஞானாம்பிகை எழுந்தாள். அந்தத் தைப்பிங் பெண் அவள்தான். நாத்தனாரின் குழந்தை முந்தின வருஷமே போய்விட்டதாகச் சொல்லித்தான் அவளைக் கட்டிவந்தார்கள். சாவு வீட்டுத் தீட்டை மறைத்து, தன் அப்பாவையும் அம்மாவையும் அங்கே உட்காரவைத்துக் கைநனைக்க வைத்திருக்கிறார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. மேடைப்பக்கம் திரும்பினாள்.

“உண்மையா?” என்று புருஷனைக் கேட்டாள்.

அவர் மேஜை விரிப்பைச் சரிசெய்தார். அதுவே பதிலாகப் போயிற்று.

ஞானாம்பிகை அவரை விட்டுவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து வள்ளிநாயகியின் எதிரில் நின்றாள்.

“மச்சாள், பிள்ளைக்கு என்ன பேரு?”

ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பில் பன்னிரண்டு வருஷம் சமைத்தவள். அந்தப் பேச்சை எடுத்தால் தங்கச்சி மனம் உடைந்துபோவாள் என்று புருஷன் சொன்னதை நம்பி, ஒருநாளும் கேட்காமல் இருந்துவிட்டவள்.

“இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சா உனக்கு?” என்று வள்ளிநாயகி சீறினாள். ஞானாம்பிகை தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

வள்ளிநாயகி மைக்கை வாய்க்கு மிக அருகில் கொண்டுபோனாள். அண்ணனைப் பார்த்துக்கொண்டே, கோபம் ஒரு துளியும் குறையாமல், கூரை அதிரச் சொன்னாள்.

“யோகமலர்.”