வெள்ளிக்கிழமை வந்த படகு

மண்டபத்துல ஒரு இறால் கம்பெனியில பதினோரு வருசமா தரம் பிரிக்கிறேன். விசைப்படகுல வந்த இறாலைக் கையில எடுத்ததுமே நல்லதா கெட்டதான்னு சொல்லிருவேன். அப்பேர்ப்பட்ட என் மேலயே மொட்டைக் கடுதாசி வந்திருக்குன்னு மேனேஜர் ஒரு மெமோவை நீட்டினாரு. என் சித்தப்பா மகன் படகுல வர்ற கெட்டுப்போன சரக்கை நல்லதோட கலந்து ஏத்திவிடுறேனாம். மூணு நாளைக்குள்ள விளக்கம் எழுதிக் குடுக்கணும், இல்லாட்டி வேலை போயிரும்.

கடுதாசிக் காப்பியையும் சேர்த்துக் குடுத்திருந்தாங்க. கம்ப்யூட்டர்ல அடிச்சது, கையெழுத்தை வச்சுக் கண்டுபிடிக்கவும் வழியில்ல. அன்னைக்குக் காலையில ஒவ்வொரு மொகமாப் பாத்தேன். வாட்ச்மேன் எழுந்திரிச்சு வணக்கம் வச்சாரு. என்ன திடீர்னு இவ்வளவு மரியாதைன்னு தோணுச்சு. ஐஸ் அள்ளுறவரு ரெண்டு தடவை திரும்பிப் பாத்தாரு. சாப்டீங்களான்னு கேட்ட ஆபீஸ் பொண்ணைக்கூட நம்பல. ஏன் கேக்குறே, வேலை போனா சோத்துக்கு இவ என்ன பண்ணுவான்னு பாக்குறியான்னு மனசுக்குள்ள திட்டினேன்.

அப்பறம்தான் ஒண்ணு ஒறைச்சுச்சு. அது என் சித்தப்பா மகன் படகுன்னு கம்பெனியில ஒருத்திகிட்டதான் சொல்லியிருந்தேன். புதுமடத்துலேர்ந்து பஸ்ல வாரவ, பக்கத்து மேசையில நின்னு என்கூடத் தரம் பிரிக்கிறவ. இறால் முள்ளு குத்தி என் விரல் வீங்கிக் கெடந்தப்ப ஒரு வாரம் என் கூடையையும் சேர்த்துப் பாத்தவ. ஆனா சூப்பர்வைசர் வேலை காலியாகப் போகுது, எங்க ரெண்டு பேர்ல ஒருத்திக்குத்தான்னு அப்ப ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு. போதாதா எனக்கு? அவளத் தவிர வேற யாரு? அன்னைக்கு மத்தியானமே எழுதிக் குடுத்துட்டேன். "என் மேல் பொறாமை கொண்டு இக்கடிதத்தை எழுதியது இவர்தான்" அப்படின்னு அவ பேரு, ஊரு எல்லாம் போட்டு. எழுதி முடிச்சதும் மனசு குளுந்துச்சு, அதையும் மறைக்காமச் சொல்லிருறேன்.

மறுநாள் ராமநாதபுரம் போயி ஒரு வக்கீலம்மாவைப் பாத்தேன். நிதானமாச் சொன்னாங்க. விசாரணை வைக்காம வேலையை விட்டு எடுக்கக் கூடாது. விசாரணையில நம்ம பக்கத்துச் சாட்சியைக் கூப்பிடலாம், கம்பெனி சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேக்கலாம். அதையும் மீறி எடுத்தா தொழிலாளர் அலுவலகத்துல மனுப் போட்டு, அங்கன முடியலன்னா லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். எழுதுன ஆளை நிரூபிக்க முடிஞ்சா மானநஷ்ட வழக்கும் போடலாம். "நிரூபிச்சாத்தாம்மா"ன்னு அழுத்திச் சொன்னாங்க.

அப்பறம் கடுதாசியைப் படிச்சுட்டு, "ஒரு தேதி போட்டு, வெள்ளிக்கிழமை காலையில படகு வந்தப்பன்னு எழுதியிருக்கே, நீங்க அன்னைக்கு எங்க இருந்தீங்க?"ன்னு கேட்டாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க கரையில விசைப்படகு திங்க, புதன், சனிக்கிழமைதான் கடலுக்குப் போகும். மறுநாள் காலையில கரைக்கு வரும். வெள்ளிக்கிழமை எந்த விசைப்படகும் வராது. கரையில நிக்கிற யாரும் அப்படி எழுத மாட்டாங்க. ஏசி ரூம்ல உக்காந்து கடலைப் பாக்காத எவனோ எழுதுனது. அவ எழுதல.

"நல்ல விசயம்மா, இதைச் சொல்ல சாட்சி யாரு இருக்கா?"ன்னாங்க. அன்னைக்கு என்கூட பேக்கிங்ல இருந்தவ அவ ஒருத்திதான். நான் எழுதிக் குடுத்த பதிலோட காப்பியை எடுத்து நீட்டினேன். படிச்சுட்டுத் தாளை என் பக்கமே திருப்பி வச்சாங்க. "இதுவும் பொய்ப் புகார்தாம்மா. அவங்க இங்கன வந்தா, இப்ப உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவங்களுக்கும் சொல்லுவேன்."

ஓடிப் போயி மேனேஜர்கிட்டத் திருப்பிக் கேட்டேன். ஃபைல்ல சேர்த்தாச்சு, அந்தம்மாவுக்கும் மெமோ குடுத்தாச்சுன்னுட்டாரு. தப்பா எழுதிட்டேன்னு இன்னொரு கடுதாசி எழுதி, அதையும் ஃபைல்ல வைக்கச் சொல்லிட்டு வந்தேன்.

விசாரணைக்கு அவளையும் கூப்பிட்டாங்க. என் பக்கம் பாக்கவே இல்ல. "வெள்ளிக்கிழமை விசைப்படகு வராது சார். அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் உள்ள பேக்கிங்ல இருந்தோம். இவங்க சரக்குல பொய் சொல்லி நான் பாத்ததில்ல"ன்னா. பதினோரு வருசமா வாடி போடின்னு பேசுனவ, இவங்கன்னு சொன்னா. என் மேல இருந்த புகார் அதோட முடிஞ்சுச்சு. அவ மெமோவையும் கிழிச்சுப் போட்டாங்க.

வெளிய வந்து அவ கையைப் பிடிச்சேன். மெல்ல உருவிக்கிட்டா.

"ஒங்க சித்தப்பா மகன் படகுன்னு எனக்கு மட்டுமா தெரியும்? அவரு புள்ள காதுகுத்துக்கு பஸ் ஸ்டாண்டுல பேனர் வச்சாங்களே, படகுப் படம் போட்டு, பக்கத்துல ஒங்க மொகமும் போட்டு. ஊரே பாத்துச்சு." பையைத் தோள்ல மாட்டினா. "ஒங்க மேல கேஸ் போடலாம்னு எங்க வீட்ல சொன்னாங்க. நான் போடல. பக்கத்து மேசையில மட்டும் இனிமே நிக்காதீங்க."

கடுதாசி எழுதுனது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. வாட்ச்மேன் வணக்கம் வச்சா இப்பவும் எனக்குச் சந்தேகம்தான். அவ மேல பொய்ப் புகார் எழுதுனது யாருன்னு மட்டும் கம்பெனியில எல்லாருக்கும் தெரியும். கடைசி மேசையில நிக்கிறேன்.