குடலுக்காக ஒரு கையெழுத்து

இதயத்துக்காக நிதி கேட்பவருக்கு மேடை தருகிறார்கள்; குடலுக்காகக் கேட்பவரைக் கண்டால் பேச்சையே மாற்றுகிறார்கள். என்னைப் போலப் பெருங்குடல் அழற்சியோடு காலந்தள்ளும் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செரிமான நோய்களை நம் நாட்டிலேயே ஆராய அரசு நிதி ஒதுக்க வேண்டுமென்று ஒரு மனு எழுதி, நானும் என் தோழி பௌசியாவும் மாத்தளை மாவட்டமெங்கும் கையெழுத்துச் சேர்த்தோம். மாத்தளை மாவட்டச் செயலகக் கூட்டம் ஏற்றுக்கொண்டால்தான் மனு அமைச்சுக்குப் போகும்; இல்லாவிட்டால் எங்கள் அலைச்சல் அத்தனையும் வீண்.

யாருக்கு நோய்?

படிவத்தில் 'நோயாளியின் பெயர்' என்றொரு கட்டம் வைத்தது என் பிழை. உக்குவளையில் ஒரு வீட்டில் மருமகள் அதில் மாமியாரின் பெயரை எழுதினார். அடுத்த படிவத்தில் மாமியார் மருமகளின் பெயரை எழுதினார். இருவருமே தமக்கு ஒரு குறையும் இல்லையென்று சாதித்தார்கள்.

நாங்கள் புறப்பட்டபோது மருமகள் கேற் வரை வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ரெண்டு பேருக்கும்தான் மிஸ். ஒரே போத்தல் மருந்தத்தான் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் குடிக்கிறோம்."

முப்பது வருட வைத்தியம்

பல்லேபொலவில் வாசனைத் திரவியத் தோட்டம் வைத்திருக்கும் ஹாஜியார் கையெழுத்திட மறுத்தார். ஏலமும் சீரகமும் இன்னும் பெயர் சொல்லாத ஐந்து சரக்குகளும் சேர்த்துத் தாம் காய்ச்சும் கசாயம் இருக்கையில் ஆராய்ச்சி எதற்கென்பது அவர் வாதம். ஆளுக்கொரு கோப்பை தந்தார், ருசியாகவே இருந்தது. இதனால் யாருக்குக் குணமானதென்று விசாரித்தேன்.

"எனக்குத்தான் மிஸ். முப்பது வருசமா ஒரு நாளும் விடாமக் குடிக்கிறேன்," என்றவர், சற்று யோசித்துவிட்டுப் பேனையைக் கேட்டார்: "தாங்க, எதுக்கும் ஒரு கையெழுத்தப் போட்டு வைப்போம்."

நாவுலயில் கிடைத்த பங்களிப்பு

நாவுலச் சந்தையில், அடுத்த வாரம் வருவோம், ஆராய்ச்சிக்கு ஒவ்வொருவரும் தம் பங்கைத் தர வேண்டுமென்று பௌசியா அறிவித்துவிட்டு வந்திருந்தாள். கையெழுத்து என்ற சொல்லை அவள் சொல்லவில்லை.

மறுவாரம் கத்தரிக்காய் வியாபாரி ஒருவர், பத்திரிகைத் தாளில் பக்குவமாகச் சுற்றிய ஜாம் போத்தலொன்றை நீட்டினார். உள்ளே இருந்தது என்னவென்று எங்கள் இருவருக்கும் உடனே புரிந்தது. அன்போடு கொண்டுவந்ததை மறுக்க மனமின்றி, பௌசியா இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அவர் நிறைவோடு சொன்னார்: "காலையில எடுத்ததுங்க. சூடு ஆறுறதுக்குள்ள ஆராய்ச்சியத் தொடங்கிருங்க."

மூன்று பக்க உரை

மாத்தளைக் கூட்டத்தில் எங்கள் விடயம் கடைசி. உரையை மூன்று பக்கங்களில் எழுதி, பலமுறை திருத்தியிருந்தேன். என் பெயரை அழைக்கச் சிறிது நேரமே இருக்கையில் குடல் தன் வேலையைக் காட்டியது. ஓடினேன், மலசலகூடம் பூட்டியிருந்தது. சாவி அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பிரதம லிகிதரிடம் என்றார்கள். அவரோ கூட்டத்தில், தலைவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

நான் வாசலுக்குத் திரும்பியபோது என் பெயரை அழைத்தார்கள். அத்தனை பேர் முன்னிலையிலும், உரைக்கு முன் சாவி வேண்டுமென்று கேட்டேன். சிரிப்பு எழுந்தது, என் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. லிகிதர் பைகளைத் தடவி, கோப்புகளைப் புரட்டி, கடைசியில் மேசை இழுப்பறையில் சாவியைக் கண்டெடுக்கும் வரை முழுக் கூட்டமும் என்னோடு சேர்ந்து தவித்தது.

திரும்பி வந்து மூச்சு வாங்க உரையைப் பிரித்தேன். தலைவர் கையமர்த்தினார்: "வேணாம் மேடம், ஒக்காருங்க. எங்களுக்கு விளங்கிருச்சு, அப்பவே ஏகமனதா நிறைவேத்திட்டோம்."

அமைச்சின் பதில் இன்னும் வரவில்லையாயினும், அந்தச் சாவி இப்போது மலசலகூடத்தின் வெளிச்சுவரில் ஓர் ஆணியில் தொங்குவதால், செரிமான நோயாளர் விடயத்தில் அரசு தன் முதல் நடவடிக்கையை எடுத்துவிட்டதாகவே நான் கருதுகிறேன்.