மாமா எடுத்துப்போகாத சப்பாத்து

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சைக்கிள் ஓட்டத்தில் நாட்டின் சாம்பியன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் பலருக்கு அது தெரியாது. பிரேக் இல்லாத சைக்கிளைத் தோளில் சுமந்து மாடிப்படி ஏறுகிறவர் என்றுதான் தெரியும்.

அவருடைய போட்டியில் வட்டப் பாதையில் இரண்டு பேர் மட்டும் ஓடுவார்கள். முதலில் நடப்பதைவிட மெதுவாகப் போவார்கள். சிலவேளை காலை ஊன்றாமலே அசையாமல் நிற்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன் மாமா நிண்டனீங்கள்? ஓட வேண்டியதுதானே?"

"முன்னுக்குப் போறவனுக்குத்தான் காத்தெல்லாம் அடிக்கும் பிள்ளை. நான் அவன்ட முதுகுக்குப் பின்னால ஒளிச்சிருந்திட்டுக் கடைசியில பாயிறனான்."

அப்படிப் பாய்ந்துதான் வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்குத் தெரிவானார். பதக்கத்தோடு வந்ததும், அதை ஒருநாள் நான் கழுத்தில் போட்டுப் பள்ளிக்கூடம் போகலாம் என்றார். யாரோடும் அதிகம் கதைக்காத நான் வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டேன்.

அது சண்டைக்காலம். விடியற்காலையில் பயிற்சிக்குப் போகிற மாமாவைச் சோதனைச் சாவடியில் தமிழன் என்று மறித்தால் மத்தியானம்தான் விடுவார்கள். சாம்பியன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் அம்மா புறக்கோட்டைக்குப் போய்த் தடித்த குளிர்ச்சட்டைகள் வாங்கிவந்தார். ஒரு கிழமைப் பயணத்துக்கு எதற்கு இத்தனை என்று கேட்டேன். பெட்டியை மூடும்போது அம்மா அழுதார்.

காலையில் குழுவின் வான் வந்தது. மாமா ஏறிய பிறகுதான் கட்டிலுக்கடியில் அவருடைய ஓட்டச் சப்பாத்தைக் கண்டேன். பெடலில் கொளுவுவதற்கு அடியில் கட்டை வைத்த சப்பாத்து. அதைத் துடைத்து வைப்பது என் வேலை. தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"நில்லடி," என்றார் அம்மா. நான் நிற்கவில்லை.

வான் யன்னலால் நீட்டியதும் பயிற்சியாளர் சிரித்தார். "என்ன மல்லி, வெறுங்காலோட ரேஸ் ஓடவா போறது?" அவர் சிங்களவர், மாமாவைத் தம்பி என்ற பொருளில் 'மல்லி' என்பார், மற்றப்படி எங்களோடு தமிழ்தான் கதைப்பார். வானுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சப்பாத்தை மடியில் வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஓடுவதற்காகப் போகவில்லை என்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஒரு கிழமையில் குழு திரும்பியது. மாமா வரவில்லை. பயிற்சியாளர் எங்கள் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி இருந்தார்.

"எங்க போனான் எண்டு தெரியாதா அக்கா?"

"தெரியாது."

"ரெண்டு ரேஸ் வெண்டான். அப்படி ஒரு ஓட்டம் நான் பார்த்ததே இல்ல."

அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஓடினவனா?"

"ஓடினான். பைனலுக்குக் கூப்பிட்டா ஆள் இல்ல."

இப்போது மாமாவுக்கு அங்கே பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். போனில் எல்லாம் கதைப்போம். சைக்கிளைப் பற்றி அவர் சொல்வதில்லை. எனக்கும் கேட்க வாய் வருவதில்லை.

அன்று பயிற்சியாளர் போனபின் அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அவர் அழுவதன் காரணம் விளங்கவில்லை. இன்னும் ஒரு ஓட்டம் மிச்சம் இருக்கிறதே, அதை ஓடிவிட்டுத்தானே மாமா வருவார் என்று, நான் வாசலில் போய் நின்றேன்.