உப்புத் தூவ வந்த விமானம்

அந்த வருஷம் மழை எங்களை மறந்துவிட்டது. அணையில் சேறு வெடித்துக் கிடப்பதை டிவியில் காட்டினார்கள். கடல் சூடாகிவிட்டது, காற்று திசை மாறிவிட்டது என்று ஒரு பெரிய மனிதர் படம் போட்டு விளக்கினார். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். கார் கழுவக் கூடாது, செடிக்கு ஹோஸ் பிடிக்கக் கூடாது. போதாததற்கு, விமானத்தில் உப்பு ஏற்றிப் போய் மேகத்தில் தூவி மழை வரவழைக்கப் போவதாகவும் அறிவித்தார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவள் நான். ஆனாலும் மேகத்துக்கு உப்புப் போடுவார்கள் என்று கேட்டபோது, அரசாங்கத்தில் சமைக்கத் தெரிந்த யாரோ இருக்கிறார்கள் என்று எனக்கு மரியாதை வந்தது.

கிள்ளானில் எங்கள் தெருவில் இரண்டு வரிசை வீடுகள். பங்கீடு செய்தவர் வரைபடத்தில் போட்ட கோடு, சரியாகத் தெரு நடுவில் விழுந்திருந்தது. இன்று எங்கள் வரிசைக்குத் தண்ணீர் என்றால் நாளை எதிர்வரிசைக்கு. அதனால் நானும் எதிர்வீட்டுக்காரியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். என் நாளில் அவள் வாளிகள் தெருவைக் கடந்து இங்கே வரும். அவள் நாளில் என் வாளிகள் அங்கே போகும். அவள் என்னைவிட இளையவள். இருந்தாலும் நான் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அவள் முகம் போகும் போக்கைப் பார்க்க எனக்கு ஆசை.

ஒருநாள் அவள் கேட்டாள்: "உப்பு போடற பிளேன் எப்ப வரும், தெரியுமா?"

சுபாங் ஏர்போர்ட்டில் இறங்கப் போகும் விமானம் ஒன்று தினமும் சாயங்காலம் எங்கள் கூரைக்கு மேல்தான் வளைந்து போகும். என் வாய் சும்மா இருக்குமா?

"நாலு மணிக்கு மேல வரும்க்கா. தாழ்வாப் பறக்கும். சத்தம் கேட்ட உடனே பாத்திரத்த வெளிய வச்சிரணும். மொத மழை உப்புக் கரிக்கும், அத கக்கூசுக்கு ஊத்து. அடுத்த மழையில ரசம் வை, உப்பு கம்மியாப் போட்டா போதும்."

அன்று சாயங்காலம் விமானம் வந்தது. அவள் வீட்டுக் கல்யாண அண்டா, இட்லிப் பானை, துணி ஊறவைக்கும் தொட்டி எல்லாம் வாசலுக்கு வந்தன. அவளைப் பார்த்து அந்த வரிசையே பாத்திரக் கடை ஆகிவிட்டது. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

லோரி ஓட்டும் அவள் வீட்டுக்காரர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "அடியே, அது பினாங்கு பிளேன்லா! உள்ள மனுஷன் கச்சாங் கடலை கொறிச்சுக்கிட்டு போறான், நீ அண்டா வச்சுக்கிட்டு நிக்கற!"

மறுநாளிலிருந்து எதிர்வீட்டு கேட் என் வாளிகளுக்குத் திறக்கவில்லை.

அந்த வாரமே, பிரிக்பீல்ட்ஸிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வருவதாகத் தரகர் வந்து சொன்னார். ஏற்கெனவே பார்த்த இடங்கள் எல்லாம் காப்பி குடித்துவிட்டுப் போனதோடு சரி. இந்தப் பையனின் போட்டோவை மட்டும் மகள் திருப்பித் தரவே இல்லை. பையனின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கவர்மென்ட் சொன்னதை வேதம் என்பாராம். அம்மா சுத்தக்காரி, எந்த வீட்டுக்குப் போனாலும் பாத்ரூமைப் பார்த்துத்தான் மனுஷரை எடை போடுவாராம்.

அவர்கள் வரும் ஞாயிறு, எங்கள் வரிசைக்குத் தண்ணீர் இல்லாத நாள். டிரம்மில் பிடித்து வைத்தது போதும் என்று தைரியமாக இருந்தேன். காலையில் எட்டிப் பார்த்தால் அடி தெரிகிறது. என் வீட்டுக்காரர் விடியுமுன் பின்சந்தில் ஒளிந்து நின்று காரைக் கழுவியிருந்தார்.

"காடி அழுக்கா இருந்தா மதிப்பாங்களா?"

"பாத்ரூம்ல தண்ணி இல்லன்னா? அந்தம்மாவ காடிக்குள்ளயா கூட்டிட்டுப் போவீங்க?"

வேறு வழியில்லை. எதிர்வீட்டு கேட்டில் போய் நின்றேன்.

"அக்கா..."

"எவ அக்கா?"

"சரி, தங்கச்சி. ரெண்டு வாளி தண்ணி குடு. மகள பாக்க வராங்க."

அவள் எனக்குக் கேட்கட்டும் என்றே குழாயை இன்னும் திருகினாள். "பிளேன் வரும்லா. அதுல பிடிச்சுக்க."

"என்னைத் திட்டு. அவ என்ன பண்ணுனா?"

கொஞ்சம் யோசித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. வழக்கமாக அது என் முகத்தில்தான் இருக்கும். "தரேன். ஆனா அவங்க உக்காந்திருக்கறப்ப பிளேன் சத்தம் கேட்டா, நீ அண்டாவ தூக்கிட்டு வாசலுக்கு ஓடி வரணும். நான் இங்கேருந்து பாப்பேன். ஓடி வந்தாத்தான் தண்ணி."

சாயங்காலம் வந்தார்கள். பையனின் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "காடி பளபளன்னு இருக்கே?"

என் வீட்டுக்காரர் உளறுமுன் நான் முந்திக்கொண்டேன். "வெளிய எடுக்கறதே இல்லீங்க, போர்வை போட்டு மூடியே வச்சிருக்கோம்" என்று உள்ளே கூட்டிப் போனேன்.

பையனின் அம்மா உட்காரும்போதே கேட்டார்: "பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"மொதல்ல ஒரு பணியாரம் சாப்பிடுங்க. சூடு போயிரும்."

சாப்பிட்டார். மறுபடி எழுந்தார். முறுக்கை நீட்டினேன். அதையும் முடித்துவிட்டு எழுந்தபோதுதான் கூரைக்கு மேல் சத்தம் கேட்டது. மகள் காப்பித் தட்டோடு நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அண்டாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில் ஓடினேன்.

"என்னாச்சும்மா?" என்று பையனின் அப்பா கத்தினார்.

"உப்பு தூவற பிளேனுங்க! கவர்மென்ட்டே சொல்லியிருக்கு!"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பார்த்தால், பையனின் அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்டாவின் மறுபக்கத்தைப் பிடிக்கிறார். "உங்களுக்கு சாயங்காலந்தானா? எங்க பக்கம் காலையிலயே வந்துரும். இவருதான் மணி பாத்து சொல்லுவாரு, நான் எல்லாத்தையும் எடுத்து வச்சிருவேன்."

அப்பாவும் வந்து உத்தரவு போட்டார். "மாமரத்துக்கு அடியில வைக்காதீங்க. வெட்டவெளியில வைங்க."

எதிர்வீட்டுக்காரி சிரித்துச் சிரித்து, தன் கேட் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் இரண்டு கையிலும் வாளியோடு தெருவைக் கடந்தார்.

பையனின் அம்மா பாத்ரூம் போய்விட்டு வந்தார். "நல்ல அக்கம்பக்கம். பொண்ணுக்கு இஷ்டம்னா நாள் பாக்கலாம்" என்றார். மகள் காப்பி கொடுக்க மறந்து இன்னும் தட்டோடுதான் நின்றாள்.

அன்று மழை வரவில்லை. பினாங்கு விமானம் மட்டும் ஒழுங்காக இறங்கியிருக்கும்.

சம்பந்தியம்மாவிடம் இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை. விமானச் சத்தம் கேட்டால் அவர் இன்னும் மேகத்தைப் பார்க்கிறார். இதைப் படித்து இப்போது தெரிந்துகொண்டால் கொள்ளட்டும். இனி என் மகளைத் திருப்பி அனுப்ப முடியாது. மூன்று பிள்ளைகள் ஆகிவிட்டன, மூன்றும் என் வாய்.